நீ பேர் சொல்லிக் கொடுத்த பை

தம்பி,

ராஞ்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக நீ போனில் சொன்னபோது நான் திருமயத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் எல்லாம் நன்றாகவே கேட்டது. புதுக்கோட்டையில் நீ நடத்திய பயிற்சியை உன் மேலதிகாரிகள் பாராட்டியதாகவும், அதையே மாதிரியாக வைத்து அங்கே உள்ள சின்னச் சின்ன அமைப்புகளுக்கும் நடத்தப்போவதாகவும் சொன்னாய். "பை உட்பட எல்லாம் அப்படியேம்மா" என்றாய். அந்தப் பையால் என்ன நடந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்திருந்தது. உன் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு எதிராக ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் பட்டம் வாங்கியவள் நான்தான் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். பட்டம் வாங்கியும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையிடமே வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுத வரும். ஆகவே எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் பெண்கள் கூட்டமைப்பின் இதழில் இது வரட்டும் என்று கேட்டிருக்கிறேன், உன்னைப் போல ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காக. இதில் வசந்தா என்று நான் சொல்கிறவளின் பெயர் வசந்தா இல்லை. அவளுடைய ஊரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே கொடுக்கிறேன்.

அந்தப் பயிற்சி நாளை நினைத்துப் பார். மண்டபத்து மாடியில் நீ புரொஜெக்டர் வைத்துக்கொண்டு நின்றாய். திருமயம் பக்கமிருந்தும் நார்த்தாமலைப் பக்கமிருந்தும் கட்டுமாவடிக் கரையிலிருந்தும் நம் பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் வீட்டில் ஒவ்வொன்று சொல்லிவிட்டு வந்தவள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு மகளிர் குழுக் கூட்டம், ஒருத்திக்குக் கண் ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி.யோடு வாழ்கிற பெண்கள் தங்களுக்குள் ஒரு அமைப்பு வைத்து நடத்துகிறார்கள் என்பதே அந்த வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீ நன்றாகச் சொல்லிக் கொடுத்தாய், அதில் எனக்குக் குறையில்லை. அலுவலகக் கணக்கை எப்படி வைப்பது, அதிகாரிகளிடம் எப்படிக் கேட்பது, இருமலோடு இருக்கிறவளைக் காசநோய்ப் பரிசோதனைக்கு எப்படி அழைத்துப் போவது, மாத்திரையைப் பாதியில் விட்டவளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று எல்லாம் சொன்னாய். அதற்கு முன் மருத்துவரின் அறை வாசலிலேயே நின்று திரும்பி வந்த பெண்கள், உன் பயிற்சிக்குப் பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, எங்கள் எல்லோருக்கும் சளிப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார்கள். கூடப் போனது நான். அது நடந்தது.

மாலையில் பை கொடுத்தாய். கெட்டித் துணி, தோளில் மாட்ட நீளமான பிடி, உள்ளே நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில். வெளியே சிவப்பு ரிப்பன் படம். அதன் கீழே 'எச்.ஐ.வி. மற்றும் காசநோயால் பாதிக்கப்பட்ட பெண்கள் கூட்டமைப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. நோயை மறைத்தால்தான் அவமானம், வெளியே சொன்னால் அது தானாகப் போய்விடும் என்று நீ பேசினாய். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், என் பிள்ளை என்கிற பெருமையில். கட்டுமாவடி மும்தாஜ், என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாளே, அவள் பையை வாங்கியதும் எழுத்து உள்பக்கம் வரும்படி உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்தேன். அழுக்காகாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பயிற்சி எப்படி இருந்தது என்று நீ நீட்டிய தாளில் எல்லோரும் சிரிக்கிற முகத்தில் டிக் போட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் நீ இன்னொன்றும் கேட்டாய். உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ யாருக்காவது காசநோய் வந்திருந்தால் கை தூக்குங்கள், இங்கே பயப்பட ஒன்றுமில்லை என்றாய். ஒரு கைகூட எழவில்லை. நான் உன் கண்ணைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன். இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஐந்து வயதாகும் முன் எனக்கு வந்தது டைபாய்டு இல்லை. அது காசநோய். உன் அப்பா தெருவில் எல்லோரிடமும் டைபாய்டு என்று சொன்னார், உன்னிடமும் அதையே சொன்னோம். என் டம்ளரைத் தனியாக வைத்ததும், உன்னை என் அம்மா வீட்டுக்கு அனுப்பியதும் அதனால்தான். நீ அதைப் பெரிய லீவு என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாய். அங்கே தினமும் உனக்குச் சத்து மாத்திரை என்று கொடுத்தது, உனக்கு வராமலிருக்கக் கொடுத்த மருந்து. வாசல்வரை வந்த சுகாதாரப் பணியாளரை, தையல் மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். அவரும் சிரிக்காமல் மிஷினைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். குணமான பிறகுதான் தபாலில் படிக்க ஆரம்பித்தேன். காசநோயைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற என் பிள்ளை கை தூக்கச் சொன்னபோது, குணமாகி இத்தனை வருஷமான பிறகும், என் கை மடியை விட்டு எழவில்லை. அந்த அறையில் இருந்த மற்ற கைகளை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வசந்தாவை உனக்குத் தெரியும். இட்லி மாவு அரைத்து விற்கிறவள். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலையில் போனான் என்றுதான் மாமியாரும் ஊராரும் நம்பினார்கள். மகளுக்கு நோய் இல்லை, பத்தாவது படிக்கிறாள். மாமியார் அடுத்த தெருவில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார், சாப்பாடு மட்டும் வசந்தா வீட்டில். மாதம் தவறாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரை வாங்கி வருகிறவள் வசந்தா. மாவுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். பயிற்சி முடிந்து சில மாதம் கழித்து வழிகாட்டல் பயணம் என்று நீ வந்தபோது அவள் வீட்டில்தான் உட்கார்ந்து காபி குடித்தாய். மாவு வியாபாரம் படுத்துவிட்டது என்று அவள் சொன்னாள். முதலில் டீச்சர் வீட்டில் நிறுத்தினார்கள், பிறகு எதிர்வீட்டில், பிறகு ஒவ்வொரு வீடாக. கேட்டால் டாக்டர் மாவுப் பண்டமே ஆகாது என்று சொல்லிவிட்டாராம், சுகராம். "ஊருக்கே ஒரே மாசத்துல சுகர் வந்துருச்சு தம்பி" என்று அவள் சொன்னதற்கு நாம் மூன்று பேரும் சிரித்தோம். கடையில் பாக்கெட் மாவு வந்திருக்கிறது, போட்டி கூடிவிட்டது, நீங்களும் பாக்கெட் போட்டுப் பேர் ஒட்டி விற்க வேண்டும் என்று நீ யோசனை சொன்னாய். நோட்டில் ஒரு லேபிள்கூட வரைந்து காட்டினாய். அழகாக இருந்தது. சரிங்க தம்பி என்றாள்.

நீ போன பிறகு, அவள் பாக்கெட் போட ஆரம்பித்தாளா என்று பார்க்க நான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடக்கிறேன். எனக்கு முன்னால் வசந்தாவின் மாமியார் ரேஷன் கடையிலிருந்து அரிசி வாங்கிக்கொண்டு போகிறார். தோளில் உன் பை. சிவப்பு ரிப்பன் அவர் இடுப்புக்கு மேலே ஆடுகிறது. அதன் கீழே இருந்த எழுத்தை என்னால் அத்தனை தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களின் கண் முதலில் பைக்குப் போனது, பிறகு அந்த அம்மாளின் முகத்துக்கு, பிறகு எனக்கு. அது புதிதாகப் படிக்கிற பார்வை இல்லை தம்பி. எப்போதோ படித்து முடித்தவர்களின் பார்வை. ஓடிப்போய், ஆத்தா, குடுங்க நான் தூக்கியாரேன் என்று பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, எழுத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அவர் கூடவே பெருமை பேசிக்கொண்டு வந்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க மருமகள் வீட்டுப் பரணை ஒதுக்கியபோது கிடைத்ததாம். இவ்வளவு நல்ல பையைச் சாக்குக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள், சாமான் அருமை தெரியாதவள் என்று தானே எடுத்துக்கொண்டாராம். எவ்வளவு அரிசி போட்டாலும் பிடி அறுவதில்லையாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வசந்தா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் நெஞ்சில் இருந்த பையைப் பார்த்தாள். கையிலிருந்த சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். பரண் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மாமியாரை உட்காரச் சொல்லி, யாரோ விசாரிப்பது போல, இந்தப் பையை எங்கெங்கே கொண்டுபோனீங்க அத்தை என்று கேட்டாள். அந்த அம்மாள் விரலை மடக்கி மடக்கிச் சந்தோஷமாகச் சொன்னார். ரேஷன் கடைக்கு. பென்ஷன் வாங்க பேங்குக்கு. நூறு நாள் வேலைக்குச் சோத்துப் பானை வைத்துக்கொண்டு. கோயில் பொங்கலுக்கு. பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று சொன்னபோது வசந்தா போக முடியாமல் தானே போனாராம், அதற்கும் இதுதானாம். பள்ளிக்கூடம் என்றதும் வசந்தாவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. நாங்கள் இருவரும் பேசாமலிருப்பதைப் பார்த்து மாமியார் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னடி, திருட்டுப் பையா இது?" என்றார்.

"இல்லத்தை. இன்ன சீக்குக்காரிங்கன்னு அதுல எழுதியிருக்கு. நானும் அதுல ஒருத்தி."

என்ன நோய் என்றும் அப்போதே சொன்னாள். தனக்கு எப்படி வந்தது என்பதை அவள் சொல்லவில்லை, ஆனால் அந்த அம்மாள் தானே அந்த இடத்துக்கு வந்துவிட்டார். வெகுநேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம் மவனும் இதுலதான் போனானா?" என்று கேட்டார். வசந்தா தலையாட்டினாள். ஊருக்குத் தெரியுமா என்று அடுத்துக் கேட்டார்.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் தெரியும்த்தை."

"அப்ப எனக்குத்தான் தெரியலையா" என்றார். அரிசியைக் கவனமாகப் பானையில் கொட்டினார். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. வெறும் பையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்று உண்டு. பொங்கல் கழிந்து அவ்வளவு காலம் அந்தப் பை ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். ஒருவர்கூட அந்த அம்மாளை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வணக்கம் சொன்னார்கள், பையைப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் மாவு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு சண்டை, ஒரு ஏச்சு எதுவும் கிடையாது. சுகர் என்றார்கள். நீ லேபிள் வரைந்து கொடுத்தாய்.

அன்றைக்குத்தான் நீ எனக்குப் போன் செய்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் மும்தாஜிடம், எல்லாருடைய பையையும் திரும்ப வாங்க வேண்டும், கிளம்பு என்றேன். வீடு வீடாகப் போகலாம் என்று நான் பதறிக்கொண்டிருக்க, அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. போக வேண்டாம்க்கா, ஒரு பைகூட இருக்காது என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நார்த்தாமலைப் பெண் ஒருத்தி நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பையைப் பஸ் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாளாம். ஒருத்தி அன்றைக்கே அடுப்பில் வைத்தாளாம். ஒருத்தி எழுத்து இருந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தில் தலையணை உறை தைத்தாளாம். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். "நான் கருவாடு போட்டு வச்சேன்க்கா. கிட்ட வந்து எவன் படிப்பான்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. பை கைக்கு வந்த அந்த நிமிஷமே அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியவில்லை. ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"வேற யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்போம்க்கா. அது ஒங்க மகன். நீங்க வேற பின்னாடி ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்தீங்க."

இதைக் கேட்டபோது எனக்குத் தெருவில் நின்றதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அந்தப் பெண்கள் நம்மைக் காப்பாற்றியிருக்கிறார்கள் தம்பி, உன் மனது நோகாமலும் என் பெருமை குலையாமலும். டிக் போட்ட சிரித்த முகமெல்லாம் எனக்காகப் போட்டது. அந்தத் தாள்களைத்தான் உன் மேலதிகாரிகள் பாராட்டினார்கள். நீ ராஞ்சிக்குப் போகிறாய். அங்கேயும் பெண்கள் இருப்பார்கள். நீ அங்கே யாருக்கும் மகன் இல்லைதான், ஆனாலும் தூரத்திலிருந்து வந்த பிள்ளை, படித்த பிள்ளை, காசு கொண்டுவருகிற அமைப்பின் பிள்ளை என்று உன் மனது கோணாமல் இருக்க ஏதாவது ஒரு காரணம் அவர்களுக்குக் கிடைக்கும். அவர்கள் சிரித்தால் நம்பாதே. யாராவது ஒருத்தி உன்னிடம் இது வேண்டாம் என்று சொல்லும்வரை, உன் பயிற்சி இன்னும் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள். உன்னை மறுத்துப் பேசுகிற தைரியத்தை அவர்களுக்குக் கொடுக்காமல், அதிகாரியிடம் பேசுகிற தைரியத்தை மட்டும் கொடுத்து என்ன பயன்? அங்கே அனுப்பச் சொன்ன பைகளுக்கான ஆர்டரை, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக நிறுத்திவிடு.

அந்தப் பையை வசந்தா ஏன் எறியவில்லை என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவளை யாரும் சபையில் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். நீ கூப்பிட்டு, எழுந்து நின்று கொடுத்தாயாம். எறிய மனசு வரவில்லையாம். சாயம் போட்டு எழுத்தை மறைக்கலாம் என்று பரணில் வைத்திருந்தாளாம்.

இப்போது நிலைமை இதுதான். அந்த மாதம் அவள் மாத்திரை வாங்கப் போகவில்லை. நானும் மும்தாஜும் மாறி மாறிப் போய் உட்கார்ந்தோம். எங்களை வீட்டுக்கே வர வேண்டாம் என்றாள், பிறகு வாசலில் வைத்துப் பேசினாள், பிறகு ஒருநாள் எங்களுக்கு முன்பாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இருமல் இருந்ததால் சளிப் பரிசோதனையும் எடுத்தோம், காசநோய் இல்லை. மாவு வாங்க யாரும் வருவதில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விடலாமா என்று வசந்தா யோசிக்கிறாள். போனால் சொந்த வீடும் போகும். அங்கேயும் மருந்து கிடைக்கும், அதற்கு நாங்கள் ஏற்பாடு செய்வோம், ஆனால் அவளுக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. மாமியார் சில நாள் வரவில்லை. பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து தட்டு முன்னால் உட்கார ஆரம்பித்திருக்கிறார். சாப்பிடுகிறார். பேசுவதில்லை. ரேஷன் கடைக்கு இப்போது பழைய உரச்சாக்கைக் கொண்டுபோகிறார். நல்ல பை வைத்திருந்தீர்களே, எங்கே என்று அங்கே ஒருவர் கேட்டாராம். அது எம் மருமக பை, அவகிட்ட இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதை வசந்தாவிடம் அவர் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் மும்தாஜ், வேண்டாம்க்கா, புள்ள ஊருக்குக் கெளம்புற நேரம், மனசு ஒடஞ்சிரும் என்றாள். மறுபடியும் அதே இடத்துக்கு வந்தாள். நான் எழுதுவேன் என்றேன். வசந்தாவிடம் போய், தம்பி உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். தன் வீட்டுக்கு மட்டும் போதுமான கொஞ்சம் அரிசியைக் கிரைண்டரில் போட்டுக்கொண்டிருந்தாள். அரைந்து முடிந்ததும் அதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"வரச் சொல்லுங்கக்கா. ஆனா மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வேண்டாம்னு சொல்லிருங்க. கேட்டா நான் பரவாயில்ல தம்பின்னு சொல்லிருவேன். எனக்கு அப்படித்தான் வாய் பழகிருச்சு. இது பரவாயில்லன்னு சொல்ற காரியம் இல்லக்கா."

ரயிலுக்கு முன்னால் ஒருநாள் வா. நான் கூட வரமாட்டேன். நான் இருந்தால் அவள் உனக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அம்மா